இருபத்திரண்டு கஜம் சிமெண்டு, ஒரு நார்ப்பாய்

2025 நவம்பர் 2 ராத்திரி நவி மும்பையில் ஹர்மன்பிரீத்தின் இந்தியப் பெண்கள் கிரிக்கெட் அணி தென்னாப்பிரிக்காவை 52 ரன்னில் சாய்த்து உலகக் கோப்பையைத் தூக்கியதிலிருந்து நம்ம பக்கம் ஒரே பேச்சு: பொம்பளைப் பிள்ளைகளுக்கு ஸ்டேடியம் வேணும், அகாடமி வேணும். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ஸ்டேடியம் எழும்புவதற்குள் இன்றைக்கு எட்டாம் வகுப்பில் இருக்கிற பிள்ளை காலேஜே முடித்திருக்கும்.

மேலே எல்லாம் சரியாகிக்கொண்டுதான் வருகிறது. 1976-இல் பாட்னாவில் இந்தியப் பெண்கள் முதல் டெஸ்ட்டை ஜெயித்தபோது கேப்டன், சென்னையில் பிறந்த சாந்தா ரங்கசாமி. அதற்குப் பிறகு முப்பது வருஷம் கழித்து, 2006-இல்தான் பெண்கள் கிரிக்கெட் இந்திய கிரிக்கெட் வாரியமான பிசிசிஐ கைக்கு வந்தது. 2022-இல் ஆண்களுக்குச் சமமான ஆட்டச் சம்பளம், டெஸ்ட்டுக்கு 15 லட்சம். 2023-இல் பெண்கள் பிரீமியர் லீக். மதுரைப் பொண்ணு கமலினியை 16 வயதில் மும்பை 1.6 கோடிக்கு ஏலம் எடுத்தது. ஆக, காசு பிரச்சினை இல்லை. நம்ம ராமநாதபுரம் கடற்கரையில் மண்டபத்திலும் ஏர்வாடியிலும் சாயல்குடியிலும் இருக்கிற பிள்ளைக்கு லெதர் பந்து பழக்கம் இல்லை, அதுதான் பிரச்சினை.

வற்றிய கண்மாயில் டென்னிஸ் பந்தில் ஆடுகிறவள் பந்து இடுப்புக்கு எழும் என்று நம்பி மட்டையைக் குறுக்கே வீசுவாள். லெதர் பந்து அவ்வளவு எழும்பாது, வழுக்கிக்கொண்டு வரும். அணித் தேர்வுக்குப் போன அன்று நாலு பந்தில் போல்ட் ஆகி, "திறமை பத்தலை" என்ற பேரோடு திரும்பி வருவாள். திறமையில் குறை இல்லை, பழகிய பந்து வேறு.

இந்தக் கடற்கரையில் புல் பிட்ச் போடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கண்மாய்க் கரம்பை மண்ணை அள்ளிப் போட்டு உருட்டிவிடலாம். ஆனால் உவர்த் தண்ணீரில் புல் லேசில் நிற்காது, நல்ல தண்ணீரோ குடிக்கவே குடம் கணக்கு.

சிமெண்டு பிட்ச் போதும். 25 மீட்டர் நீளம், 2.4 மீட்டர் அகலம், 10 செ.மீ. கனம். ஆறு கன மீட்டர் கான்கிரீட், 1:1.5:3 கலவைக்கு 50 மூட்டை சிமெண்டுக்குள் முடிந்துவிடும். நம்ம ஊரில் கெட்டுப்போவது அடியில்தான். மணல் மேல் நேரடியாகக் கொட்டினால் ஒரு மழைக்கு ஒரு பக்கம் இறங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். தண்ணீர் விட்டு மணலை இறுக்கி, அரை அடி சரளை போட்டுத் திமிசு அடித்த பிறகே கான்கிரீட். வெடிப்பு வராமல் இருக்க விடுகிற இடைவெட்டு ஸ்டம்பிலிருந்து 3 மீட்டர் முதல் 7 மீட்டர் வரை விழக்கூடாது. நல்ல பந்தெல்லாம் குத்துகிற இடம் அது. வெட்டில் பட்ட பந்து தாடைக்கு வரும். பத்து நாளாவது ஈரச்சாக்கு போட்டு ஆற்ற வேண்டும்.

திசை இன்னொன்று. நம்ம பக்கம் மன்னார் வளைகுடாக் கரை ஏறக்குறைய கிழக்கு மேற்காக ஓடுகிறது. கரையோரத்தில் இடம் பார்த்தால் பிட்சும் அப்படியே படுத்துவிடும், சாயங்காலம் ஐந்து மணி வெயில் பேட்டர் கண்ணில் அடிக்கும். வடக்கு தெற்காகத்தான் போட வேண்டும். மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் பந்து பக்கவாட்டில் அலையும், அலையட்டும். சுழற்பந்து போடுகிறவளுக்கு அதைவிட நல்ல வாத்தியார் கிடையாது.

பந்து எடையை யாரும் பார்ப்பதே இல்லை. பையன்கள் அடித்து மிச்சம் வைத்த 156 கிராம் பந்தைப் பிள்ளைகள் கையில் கொடுக்கிறார்கள். பெண்கள் பந்து 140 முதல் 151 கிராம், சுற்றளவும் குறைவு. பதின்மூன்று வயதுக்காரிக்கு 133 கிராமில் தொடங்கும் இளையோர் பந்தே சரி. பெரிய பந்தில் விரல் சுற்றிப் பிடிக்காது, அவள் உள்ளங்கையில் வைத்துத் தள்ளுவாள். சுழற்சியும் போகும், தோளும் போகும். அண்ணன் மட்டையும் அப்படித்தான். கனம் தாங்காமல் கீழ்க்கை இழுத்து, பந்து நேரே மிட்விக்கெட் ஃபீல்டர் கைக்குப் போகும்.

மணலில் ஓடினால் கால் உரமாகும் என்பது பாதி உண்மை. டைவ் பழக மணலை மிஞ்சியது இல்லை. ஆனால் தினமும் மணலிலேயே ஓடினால் கால் தரையில் தங்குகிற நேரம் கூடும், குதிநரம்பு வலிக்கும். வாரம் இரண்டு நாள் போதும்.

கழிப்பறையைப் பற்றிப் பேச நம்ம ஆட்களுக்குக் கூச்சம். மாதவிலக்கு நாளில் மாற்ற இடம் இல்லாத மைதானத்துக்கு எந்த அம்மா பிள்ளையை அனுப்புவாள்? மாதத்தில் நாலைந்து நாள் வராதவள் மூன்றாம் மாதம் வருவதே இல்லை. பயிற்சி முடிகிற நேரத்தையும் கடைசி டவுன் பஸ்ஸைப் பார்த்துத்தான் வைக்க வேண்டும்.

கடைசியாக, சிமெண்டு பிட்ச் மேல் விரிக்கிற பாய். தென்னை நார்ப்பாயை இழுத்து ஆணி அடிக்க வேண்டும், தொய்ந்தால் பாய் சுருண்டு, அதில் பட்ட பந்து கீப்பர் விரலைப் பதம் பார்க்கும். உப்புக் காற்றில் இரும்பு ஆணி துருப்பிடித்துத் தலை முறியும், மிச்ச முனை காலைக் கிழிக்கும், அதனால் வருஷா வருஷம் ஆணி மாற்றணும். அக்டோபர் மழைக்கு முன்னால் நன்றாகக் காயவைத்துச் சுருட்டி, தரையில் படாமல் பலகை மேல் ஏற்றுங்கள். ஈரத்தோடு சுருட்டினால் பொங்கலுக்குப் பிரிக்கும்போது கையோடு பிய்ந்து வரும். தூக்குவதற்கு நாலு பேர் வேணும், அந்த நாலு பேரை இப்பவே பேசி வையுங்கள்.