பாசமான ஆளைப் போடாதீர்கள்

ஐசியூவிலிருந்து டாக்டர் வெளியே வந்து, "வென்டிலேட்டர் வைக்கணும், யார் கையெழுத்துப் போடறீங்க?" என்று கேட்டால் நம் வீடுகளில் என்ன நடக்கும்? அண்ணன் தம்பியைப் பார்ப்பார். தம்பி, "அக்காவை ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்" என்பார். அக்கா அழுதுகொண்டிருப்பார். துபாயிலிருந்து போனில் ஒரு குரல், "எவ்வளவு செலவானாலும் பரவாயில்லை, எல்லாத்தையும் பண்ணச் சொல்லுங்க" என்னும். உள்ளே படுத்திருப்பவர் என்ன விரும்புவார் என்று ஒருவருக்கும் தெரியாது. நல்லா இருக்கும்போது அதைக் கேட்பது அபசகுனம் ஆயிற்றே. அந்த விருப்பத்தை முன்கூட்டியே எழுதி, நமக்காக முடிவு சொல்ல ஒருவர் பெயரையும் போட்டு வைப்பதைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

மும்பை கேஇஎம் மருத்துவமனை செவிலியர் அருணா ஷான்பாக் கதை பலருக்கு நினைவிருக்கும். 1973-இல் அங்கேயே தாக்கப்பட்டு, 2015 மே மாதம் இறக்கும்வரை நினைவு திரும்பாமல் கிடந்தார். அவருக்கு உணவு கொடுப்பதை நிறுத்தலாமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. மருத்துவம் பற்றிய கேள்வி ஒருபுறம் இருக்க, அவர் சார்பில் பேச யாருக்கு உரிமை என்பதே பெரிய கேள்வியாக நின்றது. வழக்குப் போட்ட பத்திரிகையாளருக்கா, இத்தனை வருடம் குளிப்பாட்டி ஊட்டிவிட்ட செவிலியர்களுக்கா? 2011-இல் நீதிமன்றம் மருத்துவமனை ஊழியர்கள் பக்கம் நின்றது. அருணா என்ன நினைத்திருப்பார் என்று சொல்ல ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

நமக்கு அந்த நிலைமை வேண்டியதில்லை. கண்ணியமாக இறப்பதும் அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவு தரும் உரிமையில் அடக்கம் என்று 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. கடைசிக் கட்டத்தில் எந்த சிகிச்சை வேண்டாம் என்பதை முன்கூட்டியே எழுதி வைக்கலாம் என்றும் சொன்னது. ஆனால் மாஜிஸ்திரேட் கையெழுத்து வேண்டும் என்று ஒரு விதி வைத்தார்கள். கோர்ட்டுக்கு அலைந்து யார் இதைச் செய்வார்கள்? 2023 ஜனவரியில் அதை மாற்றினார்கள். இப்போது இரண்டு சாட்சிகளும், நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி ஒருவரும் போதும். மனம் மாறினால் எப்போது வேண்டுமானாலும் எழுத்து மூலம் திருத்தலாம், ரத்தும் செய்யலாம்.

சிலர் பயப்படுவதுபோல இந்தத் தாளை நீட்டியதும் யாரும் குழாயைப் பிடுங்கிவிட மாட்டார்கள். குணமாக வாய்ப்பில்லாத நோய், சொந்தமாக முடிவெடுக்க முடியாத நிலை, இரண்டும் இருந்தால்தான் இது செல்லும். அப்போதும் இரண்டு மருத்துவக் குழுக்கள் தனித்தனியாகப் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். ஊசி போட்டு உயிரை எடுப்பது இன்றும் குற்றம்தான்.

சரி, என்ன எழுதுவது? டயாலிசிஸ் வேண்டுமா, மூக்கில் குழாய் வேண்டுமா என்று பட்டியல் போடுவதில்தான் எல்லாரும் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். நமக்கு என்ன வரும் என்று இப்போதே எப்படித் தெரியும்? அதைவிட முக்கியம், நமக்காக முடிவு சொல்லப்போகிறவரின் பெயர். ஒன்றுக்கு மேற்பட்டவர்களையும் குறிப்பிடலாம். இங்கேதான் நம் ஆட்கள் தப்பு செய்வார்கள் என்று நினைக்கிறேன். நம்மேல் உயிரையே வைத்திருப்பவரின் பெயரைப் போடுவார்கள். அந்த நேரத்தில் முதலில் உடைந்துபோவதும் அவர்தான். கூடவே, ஊர் என்ன சொல்லுமோ என்ற பயம் அவரை இன்னும் ஆட்டும்.

நான் என் தங்கை பெயரை எழுதியிருக்கிறேன். வீட்டில் கொஞ்சம் சண்டை வந்தது, வராமல் இருக்குமா? ஆனால் அவள் டாக்டரைப் பார்த்து, "இதனால் இவர் எழுந்து உட்காருவாரா, மாட்டாரா?" என்று நேராகக் கேட்பாள். நாலு சித்தப்பாக்கள் கத்தினாலும் அசைய மாட்டாள்.

அவளிடம் உட்கார்ந்து பேசவும் செய்தேன். யாரையும் அடையாளம் தெரியாமல் கிடப்பது எனக்கு வேண்டாம். வலிக்கு மருந்து மட்டும் கடைசிவரை நிற்கக் கூடாது. இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. காசு தீர்ந்ததும், "நாங்களே கூட்டிப் போறோம்" என்று எழுதிக்கொடுத்துவிட்டு, மூச்சுத் திணறும் மனிதரை ஆம்புலன்ஸில் ஏற்றுவது நம் ஊரில் சாதாரணம். வலிக்கு ஒரு மாத்திரைகூட இல்லாமல் வீட்டில் கிடப்பார்கள். சிகிச்சையை நிறுத்துவது என்றால் கைகழுவுவது என்றே பலர் நினைக்கிறார்கள். வலிதணிப்பு சிகிச்சை என்று ஒரு மருத்துவப் பிரிவே இருக்கிறது, கேட்டு வாங்குங்கள்.

அப்புறம், எழுதிய தாளை பேங்க் லாக்கரில் பூட்டி வைக்காதீர்கள். ராத்திரி இரண்டு மணிக்கு லாக்கர் திறக்காது. ஒரு நகல் நீங்கள் பெயர் போட்ட ஆளிடம், ஒன்று குடும்ப டாக்டரிடம், ஒரு போட்டோ போனில். உள்ளாட்சி அலுவலகத்திலும் ஒரு நகல் கொடுக்கச் சொல்கிறது தீர்ப்பு.