காரணத்தைக் கேளுங்கள், அப்புறம் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசலாம்

அந்த வீடியோவை இனிமேல் யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். முழுவதும் பார்த்துவிட்டேன். "சிபில் ஸ்கோர் குறைவாக இருக்கிறவனுக்கு வீட்டுக்கடன் கொடுப்பது பாவம், அவனுக்கு வாடகை வீடே அதிகம்" என்று ஒரு பேச்சாளர் மேடையில் ஒழுக்க வகுப்பு எடுப்பதையும், கீழே இருப்பவர்கள் கை தட்டுவதையும் பார்த்தேன். என் நட்பில் இருக்கும் சிலர் அதற்கு இதயக்குறி போட்டிருப்பதையும் பார்த்தேன். என் தம்பியின் வீட்டுக்கடன் விண்ணப்பம் சிபில் குறைவு என்று மறுக்கப்பட்டதைப் பற்றி நான் எழுதிய பதிவின் கீழேயே ஒருவர் அதை ஒட்டிவிட்டு, "இதற்கு என்ன பதில் மேடம்?" என்று கேட்டிருக்கிறார்.

பதில் இருக்கிறது. கொஞ்சம் நீளமான பதில்.

சிபில் எண், அதாவது வாங்கிய கடனை எப்படிக் கட்டினோம் என்பதற்குப் போடும் மதிப்பெண், என்ன நடந்தது என்பதைச் சொல்லும். ஏன் நடந்தது என்பதைச் சொல்லாது. அந்த 'ஏன்' என்ற கேள்வியை வங்கியில் உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதர் கேட்டே ஆக வேண்டும். நான் சொல்வது இவ்வளவுதான். கடனைக் கட்ட வேண்டாம் என்றோ, எல்லாருக்கும் அள்ளிக் கொடுங்கள் என்றோ நான் எங்கேயும் எழுதவில்லை. காரணத்தைக் கேளுங்கள் என்கிறேன்.

300-இலிருந்து 900 வரை போகும் அந்த எண் எங்கிருந்து வருகிறது? 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நம் நாட்டில் நான்கு நிறுவனங்கள் நம் கடன் கணக்கை வைத்திருக்கின்றன. சிபில் அதில் ஒன்று. மாதாமாதம் டியூ எத்தனை நாள் தள்ளிப் போனது என்று அறிக்கையில் கட்டம் கட்டமாக இருக்கும். சரியாகக் கட்டினால் பூஜ்ஜியம். தள்ளிப்போனால் 30, 60, 90. தொண்ணூறைத் தாண்டினால் வாராக் கடன். அந்தத் தொண்ணூறுக்குப் பக்கத்தில் "அந்த மாதம் இவன் அப்பா ஐ.சி.யு.வில் இருந்தார்" என்று எந்த வங்கியும் எழுதி அனுப்புவதில்லை.

தம்பி கதையைப் போன பதிவில் பாதிதான் சொன்னேன். அவனுக்குப் பிடிக்கவில்லை. "விடுக்கா, ஊருக்கெல்லாம் எதுக்குச் சொல்ற" என்றான். ஆனால் "உங்கள் தம்பி ஏமாற்றுக்காரன்" என்று முகம் தெரியாத ஒருவர் எழுதிய பிறகு என்னால் பாதியோடு நிறுத்த முடியாது.

திருப்பூரில் அவன் சின்னதாக ஒரு பவர் டேபிள், அதாவது கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் தையல் ஷெட், நடத்துகிறான். கம்பெனியிலிருந்து வெட்டின துணி பீஸ் வரும், ஓவர்லாக், பேட்லாக் தையல் அடித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். பீஸ் ரேட் கூலி. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது ஷெட்டைப் பூட்டினான். ரிசர்வ் வங்கி அந்த ஆகஸ்ட் வரை தவணைக்கு அவகாசம் கொடுத்தது, எப்படியோ சமாளித்தான். ஆர்டர் திரும்பி வந்தது, டெய்லர்களைத் திரும்பக் கூப்பிட்டான். 2021 மே மாதம் அப்பாவுக்குக் கொரோனா. அந்த மே மாதம் எப்படி இருந்தது என்று எல்லாருக்கும் மறந்துவிட்டதா? ஆக்சிஜன் படுக்கைக்கு ஆம்புலன்ஸுகள் வரிசையில் நின்ற மாதம். கோயம்புத்தூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் இடம் கிடைத்தது. முன்பணம் கட்டினால்தான் உள்ளே எடுப்போம் என்றார்கள். தம்பி கிரெடிட் கார்டை எடுத்து நீட்டினான். வேறு என்ன செய்திருக்க வேண்டும்? அந்த வீடியோக்காரர் இதைச் சொல்லட்டும்.

அப்பா பிழைத்து வந்தார். இன்றைக்கும் காலையில் பால் வாங்கப் போகிறார். ஆனால் மறுபடியும் ஊரடங்கு, ஷெட் மூடியாயிற்று, ஏற்கெனவே ஒரு பர்சனல் லோன் ஓடிக்கொண்டிருந்தது. தவணைகள் தவறின. வசூல் ஆட்கள் அம்மாவின் போனுக்குப் பேச ஆரம்பித்தார்கள், ராத்திரி ஒன்பது மணிக்கும் பேசினார்கள். (காலை எட்டு மணிக்கு முன்னும் இரவு ஏழு மணிக்குப் பின்னும் வசூலுக்குக் கூப்பிடக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் தெளிவாகச் சொன்னது. எங்கள் வீட்டுக்கு அது தாமதமாக வந்த நீதி.) கடைசியில் ஒருத்தன், "ஒரே தடவையா இவ்வளவு கட்டிருங்க சார், கார்டு கணக்கை முடிச்சுக் கொடுத்துடறோம்" என்றான். அம்மாவின் சங்கிலியை விற்று அதைக் கட்டினான். கடிதமும் கொடுத்தார்கள். பர்சனல் லோனை அபராத வட்டியோடு முழுசாகக் கட்டி முடித்தான்.

அந்தக் கடிதம் அவன் கணக்கை அறிக்கையில் 'செட்டில்டு' (குறைத்துக் கட்டிச் சமரசமாக முடித்தது) என்று காட்டும், 'க்ளோஸ்டு' (முழுசாகக் கட்டி முடித்தது) என்று காட்டாது, இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் என்று பணத்தை வாங்கும்போது யாராவது ஒருவர் சொன்னார்களா? சொல்லவில்லை. தள்ளுபடி செய்த மீதித் தொகையையும் கட்டித் தடையில்லாச் சான்று வாங்கினால் அதை மாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னார்களா? அதையும் சொல்லவில்லை. அவர்களுக்கு அந்த மாத வசூல் கணக்கு முடிந்தது. செட்டில்டு என்ற அந்தக் குறி ஏழு வருடம் போல நிற்கும். அதற்குப் பிறகு அவன் எடுத்த வண்டிக்கடனில் ஒரு தவணைகூடத் தவறவில்லை. பரவாயில்லை, அது யார் கண்ணுக்கும் படவில்லை.

இப்போது வீட்டுக்கடன். பெருமாநல்லூர்ப் பக்கம் இடம் கையில் இருக்கிறது, சொந்தக் காசில் வாங்கியது. மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, மூன்று வருட வருமான வரிக் கணக்கு, ஜி.எஸ்.டி. எல்லாம் கோப்பில் வைத்துக்கொண்டு போனான். நானும் கூடப் போனேன். மேனேஜர் பான் எண்ணைக் கேட்டார், திரையைப் பார்த்தார், "612 காட்டுது சார், சிஸ்டம் எடுக்காது" என்றார். கோப்பைத் திறக்கவே இல்லை. மரியாதையான மனிதர்தான், தண்ணீர் கொடுத்தார். ஆனால் ஏன் என்று கேட்கவில்லை. 2021-இல் என்ன ஆச்சு என்ற ஒரு கேள்வி. கேட்டிருந்தால் ஆஸ்பத்திரி பில் அதே கோப்பில் கடைசியில் இருந்தது.

"மேடம், அது டெபாசிட் போட்டவர்களின் பணம், வங்கி ஜாக்கிரதையாக இருக்க வேண்டாமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி, ஒத்துக்கொள்கிறேன். ஜாக்கிரதையாக இருக்கட்டும். ஆனால் இது கைமாற்றுக் கடன் கிடையாது, வீட்டை அடமானமாக வைத்துக் கொடுப்பது. 30 லட்சம் வரையிலான வீட்டுக்கடனில் மதிப்பில் 90 சதவீதத்துக்கு மேல் வங்கி கொடுக்கக்கூடாது, மீதி நம் காசு. தம்பி அதைவிட நிறையவே தன் பக்கம் போடுகிறான். கட்டவில்லை என்றால் 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டம் இருக்கிறது, 60 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு நீதிமன்றம் போகாமலே வீட்டை எடுத்து ஏலம் விடலாம். பத்திரம் அவர்கள் பெட்டியில், சட்டம் அவர்கள் கையில். இதற்கு மேலும் பயம் என்றால், அந்தப் பயத்தைப் போக்கவாவது ஏன் என்று கேட்கலாமே.

அப்புறம் நடந்ததைக் கேளுங்கள். வங்கியிலிருந்து வெளியே வந்த கொஞ்ச நாளில் ஒரு வீட்டுக்கடன் கம்பெனியின் ஏஜென்ட் கூப்பிடுகிறார். "சிபில் கம்மியா இருந்தாலும் பண்ணிக்கலாம் சார்." வட்டி 13 சதவீதம். நான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 25 லட்சம், 20 வருடம். நல்ல ஸ்கோர் இருப்பவருக்கு 8.5 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் மாதத் தவணை சுமார் 21,700 ரூபாய். தம்பிக்குச் சொன்ன 13 சதவீதத்தில் சுமார் 29,300. மாதம் 7,600 ரூபாய் கூடுதல். 20 வருடத்தில் 18 லட்சம் ரூபாய்க்கு மேல். அவன் அப்பாவைக் காப்பாற்றியதற்கு அபராதம் இது.

21,700 கட்டுவான் என்று நம்ப முடியாதவனை 29,300 கட்டச் சொல்கிறீர்கள். இதில் என்ன நியாயம் இருக்கிறது? "அதிக ரிஸ்க் என்றால் அதிக வட்டி, அடிப்படைப் பொருளாதாரம்" என்று ஒரு அண்ணன் எழுதியிருந்தார். அண்ணா, சுமையை ஏற்றினால் ஆள் விழுவான், விழுந்தால் "பார்த்தாயா, அப்போதே சொன்னேன்" என்பீர்கள். ரிஸ்க் அங்கே பாதி நீங்கள் உண்டாக்கியது.

"ஸ்கோரை ஏற்றிக்கொண்டு வரட்டுமே" என்பது அடுத்தது. ஏற்றலாம். ஃபிக்ஸட் டெபாசிட் வைத்து ஒரு கார்டு வாங்கி, கொஞ்சமாகச் செலவு செய்து, தேதி தவறாமல் கட்டி, வேறு எங்கும் கடனுக்கு விண்ணப்பிக்காமல் இருந்தால் மெல்ல ஏறும். தம்பி அதைத்தான் செய்துகொண்டிருக்கிறான். அதற்குள் கம்பி, சிமெண்ட், கொத்தனார் கூலி எல்லாம் அதே இடத்தில் காத்துக்கொண்டு நிற்குமா? வாடகை நிற்குமா?

இன்னொன்று. அந்த எண் பிழையே இல்லாதது என்று நினைத்துக்கொண்டு பேசுகிறீர்கள். நம் ஊரில் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பான் கார்டில் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி, வங்கியில் அப்பா பெயரை விரித்து இன்னொரு மாதிரி. என்னோடு வேலை பார்க்கும் ஒரு அக்காவின் அறிக்கையில் அவர் வாங்கவே வாங்காத டூவீலர் கடன் ஒன்று நிலுவையில் இருந்தது. அதே பெயர், அதே இனிஷியல் உள்ள வேறு யாரோ ஒருவருடையது. மகள் கல்யாணத்துக்குக் கடன் கேட்டுப் போனபோதுதான் அவருக்கே தெரிந்தது. அந்த அக்காவுக்கும் ஒழுக்கம் இல்லையா? இப்படிப்பட்ட பிழைக்குப் புகார் கொடுத்தால் 30 நாளில் சரிசெய்ய வேண்டும், தவறினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு கொடுக்க வேண்டும் என்ற விதி 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. வருடத்துக்கு ஒரு தடவை முழு அறிக்கையை இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்ற விதி 2017-இலிருந்தே இருக்கிறது. கடனை மறுத்தால் காரணத்தை எழுத்தில் சொல்ல வேண்டும் என்பதும் விதிதான். தம்பிக்கு இதுவரை எழுத்தில் ஒரு வரி வரவில்லை. மேடையில் நின்று பேசுகிறவர்கள் இந்த விதிகளில் ஒன்றையாவது மக்களுக்குச் சொல்லியிருக்கலாம்.

ஒழுக்கம் என்ற வார்த்தைதான் என்னைத் தூங்கவிடவில்லை. கடந்த பத்து நிதியாண்டுகளில் வங்கிகள் 16.35 லட்சம் கோடி ரூபாய் வாராக் கடனைக் கணக்கிலிருந்து நீக்கியதாக (ரைட்-ஆஃப்) 2025 மார்ச்சில் நாடாளுமன்றத்திலேயே சொன்னார்கள். "ரைட்-ஆஃப் வேறு, தள்ளுபடி வேறு" என்று ஓடி வருவீர்கள். தெரியும். வசூல் முயற்சி தொடரும் என்பதும் தெரியும். அம்மா போனுக்கு ராத்திரி ஒன்பது மணிக்கு வந்த வசூல் முயற்சி அந்தக் கணக்குக்காரர்களுக்கும் போகிறதா என்று மட்டும் சொல்லுங்கள். வேண்டுமென்றே கட்டாதவர்களோடும் வங்கிகள் சமரசம் செய்துகொள்ளலாம் என்று 2023 ஜூன் 8-ஆம் தேதி ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை விட்டதே, அதற்கு யாராவது மேடை போட்டு ஒழுக்க வகுப்பு எடுத்தார்களா? அதே சுற்றறிக்கையில், சமரசமாக முடித்த கணக்குக்காரருக்கு மறுபடி கடன் கொடுக்கக் குறைந்தது 12 மாத இடைவெளி என்றுதான் இருக்கிறது. வங்கி விரும்பினால் கூட்டிக்கொள்ளலாம். ஆக, விதியில் குறைந்த அளவு ஒரு வருடம். பவர் டேபிள்காரனுக்கு மட்டும் ஏன் ஏழு வருடம்?

இது கடனோடு நிற்கிறதா என்று பாருங்கள். பாரத ஸ்டேட் வங்கி ஒருவருடைய வேலை நியமனத்தைக் கடன் வரலாற்றைக் காரணம் காட்டி ரத்து செய்ததை 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் சரி என்றது. மகாராஷ்டிரத்தில் மாப்பிள்ளையின் சிபில் ஸ்கோரைப் பார்த்துவிட்டுக் கல்யாணத்தையே நிறுத்தினார்கள் என்று செய்தி வந்தது. அந்த வீடியோக்காரர் அதையும் பெருமையாகச் சொல்கிறார். ஜாதகத்துக்கு அடுத்து இது. என் தம்பிக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. போன பதிவைப் படித்துவிட்டு ஒரு சொந்தக்காரர் அம்மாவிடமே, "பையனுக்குக் கடன் பிரச்சனையாமே?" என்று கேட்டிருக்கிறார். அம்மா என்னிடம் பேசவில்லை, அழுதார். அவர் சங்கிலியை விற்றுக் கட்டிய கடன் அது.

படிக்கும் பிள்ளைகள் விஷயத்தில் 2023-இல் கேரள உயர் நீதிமன்றம், சிபில் குறைவு என்ற காரணத்துக்காகக் கல்விக்கடனை மறுக்கக்கூடாது, மனிதாபிமானத்தோடு பாருங்கள் என்றது. முதல்முறை கடன் கேட்பவர்களைக் கடன் வரலாறு இல்லை என்பதற்காக மட்டும் நிராகரிக்காதீர்கள் என்று ரிசர்வ் வங்கியே 2025 ஜனவரியில் சொல்லிவிட்டது. அப்படியானால் எண்ணுக்கு அப்பால் பார்க்க முடியும் என்றுதானே அர்த்தம்? வரலாறே இல்லாதவரை விசாரித்துப் பார்க்க முடிகிறது என்றால், ஒரு கெட்ட வருடம் மட்டும் இருக்கிறவரை ஏன் விசாரிக்க முடியாது? காரணத்தைக் கேட்க ஒரு வங்கி அதிகாரிக்குப் பத்து நிமிடம் ஆகுமா?

"எல்லாரும் ஒரு சோகக்கதை வைத்திருப்பார்கள், பொய் சொல்வார்கள்" என்று இப்போதே யாரோ தட்டச்சு செய்துகொண்டிருப்பீர்கள். பொய் சொல்கிறவரைக் கண்டுபிடிக்க மருத்துவமனை பில் இருக்கிறது, டிஸ்சார்ஜ் சம்மரி இருக்கிறது, வங்கிக் கணக்கு இருக்கிறது. கேட்டால்தானே காட்ட முடியும்.

தம்பியை ஏமாற்றுக்காரன் என்று எழுதியவரை நீக்கிவிட்டேன், அதில் எனக்கு வருத்தம் இல்லை. அந்த வீடியோவுக்கு இதயக்குறி போட்ட நண்பர்கள் முடிந்தால் அதை எடுத்துவிடுங்கள். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற எங்கள் சித்தப்பா அறிக்கை படிக்க உதவுகிறேன் என்றிருக்கிறார். 'செட்டில்டு' என்று கிடக்கும் கணக்கோ, உங்களுடையது இல்லாத கடனோ அறிக்கையில் இருந்தால், பான் எண்ணை மறைத்துவிட்டு உள்பெட்டியில் அனுப்புங்கள், ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பார்க்கிறோம். யார் முன்னாடியும் கூசாதீர்கள்.