"அவரே எழுதியிருக்கிறாரே" என்றால் ஆதாரமாகிவிடுமா?

அந்தப் பதிவைப் பார்த்திருப்பீர்கள். இரண்டாம் உலகப் போரில் ஹிட்லரின் தளபதியாக இருந்த மான்ஸ்டைனின் போர் நினைவுகளிலிருந்து நாலு பத்தி எடுத்துப் போட்டு, "தளபதிகள் பேச்சை ஹிட்லர் கேட்டிருந்தால் ரஷ்யா விழுந்திருக்கும்" என்று முடித்திருந்தார்கள். ஆவணங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள் என்றேன். "களத்தில் நின்றவரைவிட உனக்குத் தெரியுமா?" என்று பதில். மனசு கஷ்டமாகத்தான் இருந்தது.

களத்தில் நின்றவர்தான். எழுதியது எப்போது? புத்தகம் வந்தது 1955-இல். 1949-இல் ஹாம்பர்க்கில் பிரிட்டிஷ் ராணுவ நீதிமன்றம் போர்க் குற்றங்களுக்காக அவருக்கு 18 ஆண்டு சிறை விதித்தது. அது 12 ஆகி, 1953-இல் வெளியே வந்தார். பெயரை மீட்க வேண்டிய நிலையில் இருந்தவரின் புத்தகம் அது. அன்றைக்கே எழுதிய காகிதத்தைப் பக்கத்தில் வைக்காமல் அதைப் படிக்கக் கூடாது.

ரஷ்யப் படையெடுப்பின்போது ஜெர்மன் தரைப்படைத் தலைமைத் தளபதியகத்தின் தலைவராக இருந்த ஹால்டரையே பாருங்கள். 1949-இல் வெளியிட்ட சிறுநூலில் தோல்விப் பழியை ஹிட்லர் தலையில் போடுகிறார். ஆனால் 1941 ஜூலை 3 அன்று அவருடைய நாட்குறிப்பு, ரஷ்யப் போரை இரண்டே வாரத்தில் வென்றாகிவிட்டது என்றால் மிகையாகாது என்கிறது. ஆகஸ்ட் 11: எதிரிக்கு 200 டிவிஷன் (பெரிய படைப்பிரிவு) என்று கணக்குப் போட்டோம், இப்போதே 360 எண்ணிவிட்டோம். அந்தத் தப்புக் கணக்கு தளபதிகளுடையதும்தான். போருக்குப் பின் அமெரிக்க ராணுவ வரலாற்றுப் பிரிவுக்காக ஜெர்மன் அதிகாரிகள் எழுதிக் கொடுத்ததை மேற்பார்த்ததும் இதே ஹால்டர். எல்லோரும் ஒரே கதையைச் சொல்வதில் என்ன ஆச்சரியம்?

"சோவியத் தளபதி ஜுக்கோவ் மட்டும் யோக்கியமா?" என்பீர்கள். 1969-இல் வந்த அவர் நூலில் தணிக்கை புகுந்தது உண்மை. அதையும் சரிபாருங்கள், அவ்வளவுதான்.

"மான்ஸ்டைன் ராணுவ விஷயம் மட்டும்தானே எழுதினார்?" இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. யூத-போல்ஷ்விக் (சோவியத் கம்யூனிச ஆட்சியை யூதர்களோடு முடிச்சுப் போட்டு நாஜிகள் சொன்ன பெயர்) அமைப்பை அடியோடு ஒழிக்க வேண்டும் என்று 1941 நவம்பர் 20 அன்று ஆணையில் கையெழுத்திட்டவர் அவர். போருக்குப் பின் நாஜித் தலைவர்களை விசாரித்த நூரம்பர்க் நீதிமன்றத்தில் அதைக் காட்டியபோது, நினைவில்லை என்றார். புத்தகத்திலும் அது இல்லை. அந்த டிசம்பரில் கிரிமியாவின் சிம்ஃபெரோபோலில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட யூதர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்களை ஏற்றிச் செல்ல லாரி கொடுத்தது, பெட்ரோல் கொடுத்தது அவருடைய 11-ஆம் ராணுவம். எத்தனை லாரி, எவ்வளவு பெட்ரோல் என்பது ராணுவ விஷயம் இல்லையா?

அந்த நாலு பத்தியைப் பகிர்ந்தவர்கள் இந்த ஆணையையும் பகிருங்கள். கேட்பது அவ்வளவுதான்.