வியட்நாம் வீடு ரீமேக் இல்லை

“வியட்நாம் வீடு இந்தி அவதாரின் ரீமேக்தானே, ராஜேஷ் கன்னா நடித்ததை சிவாஜி நடித்தார்” என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். அதற்கு நிறைய லைக் வேறு. வருடத்தைப் பார்த்தாலே போதும். வியட்நாம் வீடு வந்தது 1970இல், அவதார் 1983இல். பதின்மூன்று வருடம் கழித்து வந்த படத்தை எப்படி முன்கூட்டியே ரீமேக் செய்வது?

குழப்பம் எங்கே வந்தது என்று புரிகிறது. அவதாரைத் தமிழில் செய்தவரும் சிவாஜிதான், ஆனால் அந்தப் படம் 1984இல் வந்த ‘வாழ்க்கை’. அம்பிகா ஜோடி, இளையராஜா இசை.

வியட்நாம் வீடு என்பது முதலில் சுந்தரம் எழுதிய மேடை நாடகம். சிவாஜியின் குழு அதை மேடையில் நடத்திய பிறகுதான் பி. மாதவன் இயக்கத்தில் படமானது. அந்த நாடகத்தின் பெயரே கடைசிவரை சுந்தரத்தின் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

கதையும் ஒன்றில்லை. அவதாரின் நாயகன் ஒரு மெக்கானிக்; பிள்ளைகள் கைவிட்டபின் மறுபடி உழைத்துப் பணக்காரராகி, அவர்கள் முன் தலைநிமிர்ந்து நிற்கிறார். வியட்நாம் வீட்டில் சிவாஜி நடித்த பிரஸ்டீஜ் பத்மநாபனுக்கு அந்த ஆறுதல் எல்லாம் கிடையாது. ரிட்டயர்மென்ட் வந்த அன்றே வீட்டில் அவர் சொல் எடுபடாமல் போகத் தொடங்குகிறது. அதை மனைவியாக வரும் பத்மினியிடம்கூடக் காட்டிக்கொள்ளாமல் விறைப்பாக நடமாடுவாரே, அங்கேதான் எனக்குத் தொண்டை அடைக்கும்.

அப்புறம், தலைப்பைப் பார்த்து இது போர்ப்படமா என்று கேட்டவருக்கு: வீட்டுக்குள்ளேயே ஓயாத சண்டை, அதனால்தான் அந்தப் பெயர்.