எண்ணெய்த் தலையனின் விளக்கம்

பொமேட் என்கிற பளபளக்கும் முடிப் பசையைத் தடவி வாரிய தலையோடு நேற்று நான் போட்ட படத்துக்குக் கீழே நடந்த கூத்தை எல்லோரும் பார்த்தீர்கள். சும்மா விட்டிருக்கலாம், மனசு கேட்கவில்லை. “அண்ணே, செயினுக்குப் போடுற கிரீஸைத் தலைக்குப் போட்டுட்டீங்களா?” என்றதுகூடப் பரவாயில்லை, நானே சிரித்தேன். ஆனால் ஒரு தம்பி, “இதெல்லாம் தாத்தா காலத்துச் சமாச்சாரம், மேட் க்ளே வாங்குங்க” என்று, பளபளக்காத களிமண் வகை முடிப் பசையைச் சொல்லி, எனக்கே வகுப்பெடுத்தார் பாருங்கள், இந்தப் பதிவு அவருக்காக.

தம்பி, முடியைப் பார்த்து வாங்க வேண்டிய பொருள் இது.

என் முடி தடித்த முரட்டு முடி. க்ளே போட்டால் ஒரு மணி நேரத்தில் அது தன் இஷ்டத்துக்கு எழுந்து நிற்கும். பழைய பாணி பொமேடில் இருப்பது பெரும்பாலும் பெட்ரோலியம் ஜெல்லியும் மெழுகும்தான். மெழுகு கூடினால் பிடிப்பு கூடும், ஜெல்லி கூடினால் பளபளப்பு கூடும். பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. இது காயாது என்பதுதான் முக்கியம். மதியம் கலைந்தால் சீப்பை எடுத்து ஒரு இழுப்பு, சரியாகிவிடும். ஜெல் அப்படியா? தண்ணீர் வற்றியதும் அதிலுள்ள பாலிமர் ஓடு மாதிரி இறுகிவிடும். அப்புறம் சீப்பு வைத்தால் வெள்ளை வெள்ளையாக உதிரும். பொடுகு என்று நினைத்துப் பக்கத்தில் இருப்பவர் தள்ளி உட்காருவார்.

என் அப்பா பிரில்கிரீம் ஆள். 1928-ல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் தயாரிக்கத் தொடங்கிய வெள்ளை க்ரீம் அது. சுண்டுவிரல் நகம் அளவு எடுத்து, வெள்ளை மறையும்வரை இரண்டு உள்ளங்கையிலும் தேய்ப்பார். பின்மண்டையில் ஆரம்பித்துத்தான் முன்னால் வருவார். முன்னால் ஆரம்பித்தால் மொத்தமும் நெற்றிமுடியிலேயே திரண்டு நிற்கும் என்பார். கையில் மிச்சம் ஒட்டியிருப்பது என் தலைக்கு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டிஷ் விமானப்படை ஆட்களையே ‘பிரில்கிரீம் பையன்கள்’ என்று கிண்டலடித்திருக்கிறார்கள். ஆக, இந்தக் கிண்டலும் தாத்தா காலத்துச் சமாச்சாரம்தான் தம்பி.

“பெட்ரோலியமா? ஐயோ!” என்பவர்களுக்கு: வெடித்த உதட்டில் தடவுகிறீர்களே வாஸலின், அது என்னவாம்? சுத்திகரித்த அதே ஜெல்லிதான். வாஸலினை உருவாக்கிய செஸ்பரோ அதற்கு 1872-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். உதட்டுக்கு மருந்து, என் தலைக்கு வந்தால் மட்டும் கச்சா எண்ணெயா?

“அலசினால் போகாதே?” போகாதுதான். தலையை நனைக்காமல் கொஞ்சம் எண்ணெய் தேய்த்து இளக்கிவிட்டு, அப்புறம் ஷாம்பு போடுங்கள். அதற்கும் பொறுமை இல்லையா, தண்ணீரில் கரையும் பொமேட் வாங்குங்கள். அதிலும் சில வகை ஜெல் மாதிரியே இறுகும். மூலப்பொருள் வரிசையில் பிவிபி (இறுகிப்போகும் பாலிமர்களில் ஒன்று) என்று இருந்தால் உஷார்.

பரு வரும் என்கிறார் ஒருவர். உண்மை. தோல் மருத்துவர்கள் 1970-லேயே இதற்குப் ‘பொமேட் பரு’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். நெற்றியில் படாமல் தடவுங்கள், முடிந்தது. தலையணை உறை கறையா? என் தலையணை, என் கறை.

மெல்லிய முடிக்காரர்கள் கனத்த பொமேட் பக்கம் போகாதீர்கள். முடி கற்றை கற்றையாக ஒட்டி மண்டை தெரியும். உங்களுக்கு க்ளே சரி. நான் எப்போதாவது க்ளே மோசம் என்றேனா? க்ளே போட்டவர் படத்துக்குக் கீழே போய், “இன்னைக்குக் குளிக்கலையா?” என்று கேட்டேனா? முடியைப் பார்த்து வாங்குங்கள் என்றுதானே கத்திக்கொண்டிருக்கிறேன்.

உண்மையில் உங்களுக்கு உறுத்துவது பளபளப்பே இல்லை. நாற்பதைத் தாண்டியவன் சீவிச் சிங்காரித்துக்கொண்டு வந்தால் சிரிப்பு வருகிறது. அதே தலையை இருபது வயதுப் பையன் வாரினால் ‘வின்டேஜ்’, ‘கிளாசிக்’, இதயம் இதயமாகக் கொட்டும். எனக்கு மட்டும் கிரீஸ். முதுகுக்குப் பின்னால் சொல்லியிருந்தால் தெரிந்திருக்காது. தெரிந்தவர்கள், நான் யாருடைய எந்தப் படத்துக்கும் விருப்பம் போடாமல் விட்டதில்லையோ அவர்களே வரிசையில் நின்று சிரிக்கிறார்கள்.

படம் அங்கேயேதான் இருக்கும், எடுக்க மாட்டேன். அடுத்து ‘அங்கிள்’ என்று எழுத வருகிறவர்கள், வருவதற்கு முன்னால் தங்கள் மேட் க்ளே டப்பாவைத் திருப்பி, பின்னால் பொடி எழுத்தில் இருப்பதைப் படித்துவிட்டு வாருங்கள். பெட்ரோலாட்டம், அதாவது அதே பெட்ரோலியம் ஜெல்லி, அதிலும் இருந்தால் எனக்கு ஒரு படம் அனுப்புங்கள்.