சாமிக்கு எதற்கு நாசா சான்றிதழ்?

சனிப்பெயர்ச்சி நெருங்கினால் போதும், சொந்தக்காரர்களின் வாட்ஸப் குழுவில் அந்தப் புரளி மறுபடி கிளம்பிவிடுகிறது. திருநள்ளாறுக்கு மேலே போகும் செயற்கைக்கோள்கள் மூன்று நொடி ஸ்தம்பித்து நிற்கின்றனவாம். நாசா விஞ்ஞானிகளே வந்து கும்பிட்டுப் போனார்களாம். எந்த விஞ்ஞானி, எந்தச் செயற்கைக்கோள், எந்த வருடம்? ஒன்றும் கிடையாது. கேட்டால் பெரியப்பாவுக்குக் கோபம் வருகிறது. "நாலு எழுத்து படிச்சதும் சாமியையே சந்தேகப்படுறியா?"

நான் எங்கே சாமியைச் சந்தேகப்பட்டேன் பெரியப்பா? நானும் நளதீர்த்தத்தில் குளித்துவிட்டுக் கும்பிட்டு வந்தவன்தானே!

பூமிக்குச் சில நூறு கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள் நொடிக்கு ஏழு கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. அந்த வேகம்தான் அதை விழாமல் வைத்திருக்கிறது. நின்றால் விழ வேண்டியதுதான், மூன்று நொடி இளைப்பாறிவிட்டுக் கிளம்ப முடியாது. இதற்குப் பதினோராம் வகுப்பு இயற்பியல் போதும்.

அடுத்தது சிதம்பரம். பூமியின் காந்த நடுக்கோட்டுக்கு (காந்த ஊசி மேலும் கீழும் சாயாமல் கிடையாக நிற்கும் இடங்களை இணைக்கும் கோடு) மையமே நடராஜரின் கால் கட்டைவிரலில்தானாம். பூமியைச் சுற்றி ஓடும் கோட்டுக்கு மையம் ஏது? இந்தியாவில் அந்தக் கோடு சிதம்பரத்துக்கு வெகு தெற்கே, தென்முனைப் பக்கம் போகிறது. அது அருகில் இருந்ததால்தான் திருவனந்தபுரம் பக்கத்தில் தும்பாவைத் தேர்ந்தெடுத்து, 1963இல் முதல் ராக்கெட்டை ஏவினார்கள். அதற்காக அங்கிருந்த மீனவ மக்கள் தங்கள் தேவாலயத்தையே விட்டுக்கொடுத்தார்கள். விஞ்ஞானிகளின் முதல் அலுவலகம் அதுதான். பக்தியும் அறிவும் நிஜமாகவே கைகோத்த இந்தக் கதையை ஒருத்தராவது ஃபார்வர்ட் செய்திருக்கிறார்களா?

சனி ஒரு ராசியில் ஏறக்குறைய இரண்டரை வருடம் இருக்கிறது என்று தொலைநோக்கி இல்லாத காலத்திலேயே கணக்குப் போட்டிருக்கிறார்கள். பன்னிரண்டு ராசிக்கு முப்பது வருடம். சனி சூரியனைச் சுற்ற எடுப்பது சுமார் 29.5 வருடம். எத்தனை தலைமுறை வானத்தைப் பார்த்துக் குறித்து வைத்திருந்தால் இது கைக்கு வந்திருக்கும்! அந்த உழைப்பையெல்லாம் விட்டுவிட்டு இல்லாத நாசா அறிக்கையைத் தூக்கிக்கொண்டு அலைகிறோம். சம்பந்தர், அப்பர், சுந்தரர் மூவரும் பாடிய தலத்துக்கு அமெரிக்காக்காரன் வந்து கையெழுத்துப் போட வேண்டுமா?

போன மாதம் என் அக்கா மகன், எட்டாம் வகுப்புப் படிப்பவன், இதே செயற்கைக்கோள் கதையைப் பள்ளிப் பேச்சுப்போட்டியில் பேசி முதல் பரிசு வாங்கி வந்தான். பொய்யடா என்று சொன்னால், "மாமா, மிஸ்ஸே கைதட்டினாங்க" என்கிறான். இனி அவனிடம் நான் என்ன சொல்லி நம்ப வைப்பது?