டைகர்மில்க்கும் ஐந்து மாதம் கழித்து வந்ததும்

டைகர்மில்க்கை நான் இரண்டாவதாகத்தான் கேட்டேன். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்து இசைக்குழுவான பெல் அண்ட் செபாஸ்டியனின் முதல் ஆல்பம் அது. ஆனாலும் கிளாஸ்கோவுக்கு வெளியே இருந்த முக்கால்வாசிப் பேருக்கு இதே வரிசைதான் வாய்த்திருக்கும். 1996 ஜூனில் அது வந்தபோது ஆயிரம் இசைத்தட்டுகள் மட்டுமே போட்டார்கள். குறுந்தகடு கிடையாது. ஆயிரமும் தீர்ந்த பிறகு, கையில் வைத்திருந்தவர்கள் ஒரு பிரதியை நூற்றுக்கணக்கான பவுண்டுக்கு விற்றிருக்கிறார்கள். மற்றவர்கள் கேசட்டில் பதிவு செய்து கேட்டார்கள். 1999இல் ஜீப்ஸ்டர் என்ற இசை நிறுவனம் மறுபடி வெளியிட்ட பிறகுதான் அது எல்லார் கைக்கும் வந்தது. அதற்குள் இரண்டாவது ஆல்பமான 'இஃப் யூ ஆர் ஃபீலிங் சினிஸ்டர்' பல வீடுகளில் தேய்ந்துபோயிருந்தது. மூன்றாவதும் வந்துவிட்டது.

பிரிட்டிஷ் இண்டி குழுக்களை, அதாவது பெரிய இசை நிறுவனங்களைச் சாராத குழுக்களைப் பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் ஒரு பேச்சு தவறாமல் வரும்: முதல் ஆல்பத்தில் இருந்தது இரண்டாவதில் இல்லை. காரணமும் தயாராக இருக்கும். முதல் ஆல்பத்துக்கு அதுவரை வாழ்ந்த வாழ்க்கை முழுக்கச் சரக்கு, இரண்டாவதுக்கு ஒரே வருடம், அதிலும் பாதி நாள் ஊர் ஊராகக் கச்சேரி. தி ஸ்டோன் ரோசஸ் 1989இல் முதல் ஆல்பம் போட்டுவிட்டு அடுத்ததற்கு 1994 டிசம்பர் வரை எடுத்துக்கொண்டார்கள். ஐந்தரை வருடக் காத்திருப்பு, வந்தபோது பலருக்கு ஏமாற்றம். பெல் அண்ட் செபாஸ்டியன் எடுத்துக்கொண்டது ஐந்தரை மாதம்கூட இல்லை. ஜூன் 6ஆம் தேதி முதல் ஆல்பம், நவம்பர் 18ஆம் தேதி இரண்டாவது. என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் பெரிய ஆல்பம். அது ஏன் என்பதை நான் கேட்டவரைக்கும் யாரும் சரியாகச் சொல்லவில்லை என்ற ஆதங்கத்தில்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கொஞ்சம் பின்னால் போகவேண்டும். பாடல்களை எழுதிய ஸ்டூவர்ட் மர்டாக் இருபது வயதையொட்டி நோயில் விழுந்தவர். எம்.ஈ. என்று சொல்லப்படும் நாள்பட்ட சோர்வு நோய். படிப்பு நின்றது, வேலைக்குப் போக முடியவில்லை, வருடக்கணக்கில் வீடுதான் உலகம். நோய்க்கு முன்னால் ஓட்டப்பயிற்சி செய்துகொண்டிருந்த பையன் அவர். அந்த அறையில் இருந்துகொண்டுதான் பாட்டு எழுதத் தொடங்கினார். கொஞ்சம் எழுந்து நடமாட முடிந்தபோது, வேலையில்லாத இசைக்கலைஞர்களுக்கான பயிற்சி ஒன்றில் சேர்ந்தார். அங்கே ஸ்டூவர்ட் டேவிட் என்ற பேஸ் கிதார்காரரின் பழக்கம் ஏற்பட்டது. கிளாஸ்கோவின் ஸ்டோ கல்லூரியில் அப்போது இசைத்தொழில் படிப்பு ஒன்று இருந்தது. அதன் மாணவர்கள் எலெக்ட்ரிக் ஹனி என்ற பெயரில் வருடத்துக்கு ஒரு சிங்கிள், அதாவது ஓரிரு பாட்டு மட்டும் கொண்ட இசைத்தட்டு, வெளியிடுவார்கள். அந்த வருடம் இவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். மர்டாக்கிடம் இருந்த பாட்டுகளோ ஒரு சிங்கிளுக்குள் அடங்கவில்லை. சரி, ஆல்பமாகவே போடலாம் என்று முடிவானது. ஒரு வாரம்கூட ஆகாமல் பதிவு செய்து முடித்தார்கள்.

டைகர்மில்க்கைக் கேட்கும்போது இந்த வரலாறு தெரிந்தால் நல்லது. அவை பெரும்பாலும் குழு என்று ஒன்று அமைவதற்கு முன்பே தனியாக இருந்து செய்த பாட்டுகள். 'தி ஸ்டேட் ஐ ஆம் இன்' முதல் பாட்டு. அந்தப் பாட்டுக்கு நான் எதையும் கொடுப்பேன். சகோதரியின் கல்யாண நாளில் சகோதரன் தன்னைப் பற்றிய உண்மையை எல்லார் முன்பும் சொல்கிறான். நாட்டை விட்டு அனுப்பப்படாமல் காப்பாற்றுவதற்காகவே ஒரு பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்கிறான் பாடுகிறவன். பாவமன்னிப்பில் சொன்னதை எல்லாம் ஒரு பாதிரியார் நாவலாக எழுதிவிடுகிறார். ஐந்து நிமிடத்துக்குள் ஒரு குடும்பமே வந்து போகிறது. கிதாரும் குரலுமாகத் தொடங்கி, ஒவ்வொரு வாத்தியமாக உள்ளே வந்து உட்காரும். இந்தக் குழு இதைவிட நல்ல தனிப்பாட்டு ஒன்றை எழுதவில்லை என்று யாராவது சொன்னால் நான் மறுக்க மாட்டேன்.

ஆனால் ஆல்பம் முழுவதையும் சேர்த்துக் கேட்டால், கையில் இருப்பதை எல்லாம் எடுத்துக் காட்டும் அவசரம் தெரிகிறது. அடுத்த வாய்ப்பு வருமோ வராதோ என்ற பயம் இருந்திருக்கும், தப்பில்லை. நடுவில் 'எலெக்ட்ரானிக் ரெனசான்ஸ்' என்று சிந்தசைசர் பாட்டு ஒன்று வரும். தனியாகக் கேட்டால் பிடிக்கும். ஆனால் ஆல்பத்துக்குள் அது வழி தெரியாமல் வேறு கல்யாண மண்டபத்துக்குள் வந்துவிட்ட ஆள் மாதிரி நிற்கிறது. 'ஐ குட் பி ட்ரீமிங்' முடிகிற இடத்தில் குழுவில் செல்லோ வாசித்த இசபெல் காம்ப்பெல், இருபது வருடம் தூங்கிப்போன ரிப் வான் விங்கிளின் கதையிலிருந்து வாசிப்பார். அழகான யோசனை. அதுவும் அந்த ஒரு பாட்டோடு நின்றுபோன யோசனை.

எனக்கு அந்த ஆல்பத்தின் திறவுகோல் 'மை வாண்டரிங் டேஸ் ஆர் ஓவர்'. தனியாளாக எல்லா வாத்தியத்தையும் சுமந்துகொண்டு திரிந்தவன் அதை இறக்கி வைத்துவிட்டு, கூடப் பாட ஒரு பெண்ணைக் கண்டுபிடிக்கும் கதை அது. குழுவின் பெயரும் அந்தப் பாட்டுக்குள் வருகிறது. அதாவது, இனி நான் தனி ஆள் இல்லை என்று முதல் ஆல்பத்தில் அவர் சொல்கிறார். அந்தச் சொல் காதில் இசையாக விழுவது இரண்டாவது ஆல்பத்தில்தான்.

இடையில் நடந்தது என்ன? ஐந்து மாதம் இவர்கள் சேர்ந்து வாசித்தார்கள். வயலினோடு சாரா மார்ட்டின் வந்து சேர்ந்தார். மர்டாக் அப்போது கிளாஸ்கோவில் ஒரு தேவாலயக் கூடத்தின் மாடியில் தங்கி, அந்தக் கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்துவந்தார். இரண்டாவது ஆல்பமான சினிஸ்டரில் யார் முன்னால் நிற்கிறார்கள் என்று சொல்ல முடியாது. 'சீயிங் அதர் பீப்பிள்' பாட்டைக் கிறிஸ் கெட்டிஸின் பியானோதான் நடத்திக்கொண்டு போகிறது. 'லைக் டிலன் இன் தி மூவீஸ்' பேஸ் கிதாரின் மேல் நடக்கிறது. 'மீ அண்ட் தி மேஜர்' ஹார்மோனிகாவைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறது. செல்லோ வரவேண்டிய இடத்தில் மட்டும் வருகிறது. ஒருவர் வாசிக்கும்போது மற்ற ஆறு பேரும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பது நமக்குத் தெரிகிறது. முதல் ஆல்பத்தில் மர்டாக்கின் பாட்டுக்கு நல்ல மனிதர்கள் துணை வாசித்தார்கள். இரண்டாவதில் ஒரு குழு பாடுகிறது.

பாட்டுகளில் வரும் ஆட்களும் மாறியிருக்கிறார்கள். முதல் ஆல்பத்திலும் பள்ளிக்கூடப் பெண்கள் உண்டு, மேரி ஜோ உண்டு. ஆனால் இரண்டாவதில் அவர் ஒவ்வொருவருக்கும் கொடுக்கும் நேரம் கூடியிருக்கிறது. ஒரே ரயிலில் ஏறும் வயதான மேஜரும் பேச்சு ஒட்டாத இளைஞனும். கனவில் குதிரைகள் வரும் ஜூடி. 'தி ஃபாக்ஸ் இன் தி ஸ்நோ' பாட்டில் பனியில் இரை தேடும் நரி, அப்புறம் ஒரு பெண், சைக்கிளில் ஒரு பையன், கடைசியில் ஒரு குழந்தை. ஒவ்வொருவரையும் நிறுத்தி, சாப்பிட்டாயா, எங்கே போகிறாய் என்று விசாரிப்பது போலப் போகும் பாட்டு. தலைப்புப் பாட்டில் உயிரை விடத் துணிந்த ஆந்தனியும், விவரம் தேடித் தேவாலயத்துக்குப் போகும் ஹிலரியும் வருகிறார்கள். அங்கே அவளுக்கு வேண்டியது கிடைப்பதில்லை. இதை எழுதியவர் தேவாலயக் கூடத்தின் மாடியிலேயே குடியிருந்து, அங்கே சேர்ந்திசையும் பாடிய மனிதர் என்பதை நினைத்துக்கொண்டு கேளுங்கள். வெளியே நின்று கல்லெறிகிற பாட்டாக அது கேட்காது. பாட்டின் ஆரம்பத்தில் விளையாடும் குழந்தைகளின் கூச்சலைப் பதிவு செய்து வைத்திருக்கிறார்கள். இவ்வளவு இருட்டான கதைக்கு இந்தச் சத்தம் எதற்கு என்று முதலில் தோன்றியது. இப்போது அந்தக் கூச்சல் இல்லாமல் அந்தப் பாட்டை நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

எல்லாப் பாட்டும் உச்சம் என்று சொல்ல மாட்டேன். 'மேஃப்ளை' பரவாயில்லை ரகம்தான்.

சரி, இப்போது ஒலிப்பதிவு விஷயத்துக்கு வருகிறேன். டைகர்மில்க்கின் பக்கம் நிற்பவர்கள் எப்போதும் எடுக்கும் ஆயுதம் இது: முதல் ஆல்பம் தெளிவாக, நிறைவாகக் கேட்கிறது, இரண்டாவது மெலிந்து தூரத்தில் கேட்கிறது. குழுவுக்கே இரண்டாவதன் ஒலியில் திருப்தி இல்லை. தான் எழுதியதில் சிறந்த பாடல்களின் தொகுப்பு என்று மர்டாக் மதிக்கும் ஆல்பம் அது. பதிவானவிதம் மட்டும் அவருக்குக் குறையாகவே இருந்திருக்கிறது. அதனால் 2005 செப்டம்பரில் லண்டன் பார்பிகன் அரங்கில் முழு ஆல்பத்தையும் அதே வரிசையில் மேடையில் வாசித்துப் பதிவு செய்து வெளியிட்டார்கள். அந்த வருமானம் அக்டோபரில் காஷ்மீர்ப் பகுதியைத் தாக்கிய நிலநடுக்கத்தின் நிவாரணத்துக்குப் போனது.

அந்தப் பதிவை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். எல்லாம் சரியாக இருக்கிறது. டிரம்ஸ் கனமாக விழுகிறது, வயலின் பளிச்சென்று கேட்கிறது, மர்டாக்கின் குரலுக்கு ஒன்பது வருட அனுபவம் கூடியிருக்கிறது. ஆனாலும் 1996இன் பதிவுதான் எனக்கு வேண்டியிருக்கிறது. அதற்கு என் வாழ்க்கையில் ஒரு காரணம் உண்டு.

சிக்குன்குனியா வந்து நான் படுத்திருந்த காலம் அது. காய்ச்சல் ஒரு வாரத்தில் போய்விட்டது, மூட்டுவலி மட்டும் மூன்று மாதம் போகவில்லை. காலையில் எழுந்ததும் விரலை மடக்க முடியாது. டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துத்தான் காபி குடிப்பேன். ஹெட்போன் போட்டால் கழுத்து வலிக்கும் என்பதால், தலைமாட்டில் சின்ன ஸ்பீக்கரை வைத்து, கல்லூரி சீனியர் அண்ணன் ஒருவர் கொடுத்த சினிஸ்டரை ஓடவிட்டிருந்தேன். அம்மா கஞ்சியோடு அறைக்குள் வந்தார். சற்று நேரம் நின்று பார்த்தார்.

"பாட்டு ஓடுதா, நின்னுபோச்சாப்பா?"

"ஓடுதும்மா."

"ஒண்ணுமே கேக்கலையே."

கஞ்சியை வைத்துவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். 'தி ஃபாக்ஸ் இன் தி ஸ்நோ' ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "உடம்பு சரியில்லாத பிள்ளை பாடுற மாதிரி இருக்கே" என்றார். அம்மாவுக்கு ஆங்கிலப் பாட்டு பழக்கமில்லை. மர்டாக் யார், அவருக்கு என்ன நோய் என்று எதுவும் தெரியாது. எனக்கும் அன்று தெரியாது. பின்னால் தெரிந்தபோது அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

அந்தப் பதிவில் இருப்பது அதுதான். வருடக்கணக்கில் படுத்திருந்த ஒருவருக்கு எவ்வளவு மூச்சு இருக்குமோ அவ்வளவு மூச்சில் பாடுகிறார். அந்த மூச்சை அமுக்கிவிடாத அளவில் மற்ற ஆறு பேரும் வாசிக்கிறார்கள். அது தெரிந்து செய்ததா, ஸ்டூடியோவில் தற்செயலாக அமைந்ததா என்பது எனக்கு முக்கியமில்லை. உடம்புக்கு முடியாதவன் இருக்கும் வீட்டில் மற்றவர்கள் பாத்திரத்தைச் சத்தமில்லாமல் வைப்பார்கள் இல்லையா, அந்த மாதிரி வாசிப்பு. மேடைப் பதிவில் எல்லாரும் குணமாகி, திடமாக நிற்கிறார்கள். அவர்கள் குணமானதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் படுத்திருப்பவனுக்குத் துணை இருக்கும் பதிவு பழையதுதான்.

டைகர்மில்க்கின் தெளிவான ஒலியிடம் நான் இதை எதிர்பார்க்க முடியாது. அது எழுந்து வந்துவிட்ட உற்சாகத்தில் செய்த ஆல்பம். அந்த உற்சாகத்துக்காகவே அதை விரும்புகிறேன். காலையில் கிளம்பும்போது போடுவது அதைத்தான். ஆனால் குரல் மேலே வரவில்லை, மிக்ஸிங் சரியில்லை என்று சொல்லி சினிஸ்டரைக் கீழே வைப்பவர்களோடு மட்டும் நான் சண்டை போடுவேன்.

இதுவரை இரண்டையும் கேட்காதவர்கள் வந்த வரிசையிலேயே கேளுங்கள், எனக்குக் கிடைக்காத வரிசை அது. டைகர்மில்க்கை எந்த நேரத்திலும் போடலாம். சினிஸ்டரை வீடு அடங்கிய பிறகு போடுங்கள். முதல் பாட்டு 'தி ஸ்டார்ஸ் ஆஃப் ட்ராக் அண்ட் ஃபீல்ட்' முணுமுணுப்பாகத்தான் ஆரம்பிக்கும். ஓடி ஜெயிக்கிறவர்களைப் பற்றி, ஓட முடியாமல் போன ஒருவர் எழுதிய பாட்டு. ஒன்றும் கேட்கவில்லையே என்று சத்தத்தைக் கூட்டாதீர்கள். கொஞ்சம் பொறுத்தால் டிரம்ஸ் வரும், அப்புறம் டிரம்பெட் எழும்பும்.

கேட்டுவிட்டு வந்து சொல்லுங்கள்.